ஒரு படி கீழே

2007 ஆவணியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ராபர்ட்டின் வாயில் விழுந்த குத்து, சிதம்பரத்தில் தோசை தின்றுகொண்டிருந்த இளவரசுவின் முன்பல்லை உடைத்தது. இருவரும் விமானிகள். இருவருடைய கம்பெனிகளும் அந்தக் கோடையில்தான் ஒன்றாக இணைந்திருந்தன. யார் மூத்தவர் என்று சங்கங்கள் அடித்துக்கொள்ள, நிர்வாகம் அங்கிருந்து ஒருவர் இங்கிருந்து ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கோத்து ஒரே வரிசையாக்கியது. அன்றுமுதல் ஒருவர்மேல் விழும் அடி, வரிசையில் அவருக்கு அடுத்துக் கீழே இருப்பவர் உடம்பில் இறங்கியது, அதோடு நின்றது. கம்பெனி டாக்டர் ஆச்சரியப்படவில்லை. விடுப்பு மட்டும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்.

ராபர்ட் சின்னக் கம்பெனியின் சங்கச் செயலாளர். அவருக்குக் கீழே பெரிய கம்பெனியின் இளவரசு. இளவரசுவுக்குக் கீழே சின்னக் கம்பெனியின் இலக்கியா, அவன் மனைவி. அவன் கட்டிலில் இடித்துக்கொண்டால் அவள் நொண்டினாள். "மேல இருக்கீங்கல்ல, பாத்து நடங்க" என்பாள்.

வேலைநிறுத்தம் நீண்டு எல்லோரும் ஊரில் கிடந்த மாதங்களில், பெரிய கம்பெனிக்காரர்கள் ராபர்ட்டைக் கண்ட இடத்தில் அடித்தார்கள். திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் சைக்கிள் செயினால் விளாசினார்கள். ராபர்ட் சட்டையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போனார், இளவரசுவின் முதுகில் தையல் போட்டார்கள். அவன் தன் சங்கத் தலைவர் சுப்புராயனிடம் முறையிட்டான். "ஒருத்தன் பல்லுக்காக சங்கத்த நிறுத்த முடியுமா?" என்றார் அவர். இலக்கியாவோ, "அவர அடிச்சா ஒங்களுக்கு வலிக்குதுன்னா, போய் அவருக்குக் கொட புடிங்க" என்றாள். மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினான். பகல் முழுக்க எதிரிக்குக் காவல் நின்றான். ராபர்ட்டுக்குக் கொண்டாட்டம். "கறிக்கடைக்குப் போறேன் மச்சான், கத்தியெல்லாம் இருக்கும், கிட்டக்கயே நில்லு" என்பார். "பயப்படாத, ஒன்ன நெனச்சிதான் சவரமே பண்றேன்."

கார்த்திகையில், முதுநகர் பாலத்தடியில் சுப்புராயனின் ஆட்கள் அவர்களை மறித்தார்கள். "சங்கத்த வித்துட்டியேடா!" என்று ஒருவன் இளவரசுவின் முகத்தில் துப்பிவிட்டு ராபர்ட்டின் மேல் கத்தியோடு பாய்ந்தான். இளவரசு ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். ராபர்ட்டைக் குத்தியிருந்தால் இவன் செத்திருப்பான், அவ்வளவுதான். காவல் நின்ற பழக்கம், குறுக்கே பாய்ந்துவிட்டான். கத்தி அவன் விலாவில் பிடிவரை இறங்கி, சுத்தமாக வெளியே வந்தது. சட்டை மட்டும் கிழிந்தது. "ஐயோ, இலக்கியா!" என்று முதலில் கத்தியது ராபர்ட்தான்.

சிதம்பரத்தில் அவள் கிள்ளையிலிருந்து வந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். இவன் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் வாசல்படியைத் தாண்டியிருந்தது.

குத்துப்பட்டவன் மேல் கீறல்கூட இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. நிர்வாகம் வரிசையிலிருந்து அவள் பெயரை எடுத்தது. கீழே இருந்த அத்தனை பேரும் ஒரு படி ஏறினார்கள், ஒருவர் கேப்டன் ஆனார். கருமாதி முடிந்த அன்று இளவரசு சுவரில் தலையை மோதிக்கொண்டான். வலிக்கவில்லை. மறுபடியும் மோதினான். சாயங்காலம் அண்ணாகிராமத்திலிருந்து போன் வந்தது. இப்போது அவனுக்கு அடுத்துக் கீழே இருந்த ராஜமாணிக்கத்தின் தாயார் ரத்தினம்மாள். "அழுவணும்னா அழு தம்பி. தலைய மட்டும் செவுத்துல முட்டாத. எம் புள்ளைக்கி மண்ட ஒடஞ்சிபோச்சி" என்றார். அதன்பின் அவன் முட்டிக்கொள்ளவில்லை. கதவுகளைக்கூட மெதுவாகச் சாத்தினான்.

ராபர்ட் சங்கப் பதவியை விட்டார், தாடி வளர்த்தார். வேளாங்கண்ணி வேண்டுதல் என்று தெரு நினைத்தது. வருஷங்கள் போயின. 2012இல் கம்பெனி மூடப்பட்டது. வரிசையைக் கலைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு காலை, வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்த இளவரசுவின் தாடையில் மெல்லிய கோடாக ரத்தம் வந்தது. ராபர்ட் மகள் சுவேதாவுக்கு இன்று கல்யாணம் என்று கேள்விப்பட்டிருந்தான். படிகாரத்தை நனைத்துத் தேய்த்துக்கொண்டு, பாலை அடுப்பில் வைத்தான்.