நாலு டிகிரி

1997 மழைக்காலம் முதல் கசார்வாடி பத்ரிநாத்தின் பச்சைக் கார், புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன் ஏழு வருஷம் அது வாசலில் நின்று புகை விட்டதோடு சரி. இரண்டு கார்புரேட்டர் வைத்த பழைய சீமை வண்டி. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் குலுங்காமல் ஓடும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, காற்றின் சீறலை மாற்றி மாற்றிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பத்ரிநாத்துக்கு இரண்டாவதைக் கேட்பதற்குள் முதலாவது மறந்துவிடும். அதனால் மனைவி சியாமளாவும் ஒரு குழாயை எடுத்துக்கொண்டாள். அவரவர் காதில் விழுந்ததை அவரவர் முனகுவார்கள். இரண்டும் ஒரே சுருதியில் சேரும்வரை அவர் திருகாணியைத் திருகுவார். அந்த ஜூலையில் ஒரு ஞாயிறு, மயிரிழை பிசகாமல் சேர்ந்துவிட்டது.

மிச்சம் ஸ்பார்க் மட்டும். பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பத்ரிநாத், பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அதற்கு மேலும் இரண்டு டிகிரி திருப்பினார். வேறு எஞ்சின் என்றால் பொறி முந்தியதற்கு டக்டக்கென்று தட்டியிருக்கும், இது தட்டவில்லை. எதற்கு இரண்டு கூடுதல் என்று சியாமளா கேட்டதற்கு, "நான்தான் பொறந்ததுலேர்ந்து லேட். வண்டியாவது முந்திக்கட்டுமே" என்றார். மனுஷர் அப்படித்தான். ஆகுர்டி தொழிற்சாலையில் அவர் ஷிப்டுக்கு நேரத்தோடு வந்ததைப் பார்த்தவர் கிடையாது. மகள் ரோஹிணி பிறந்த அன்று ஸ்கூட்டர் பிளக்கைத் துடைக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, நாற்பது நிமிடம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சியாமளா அதை மறக்கவும் இல்லை, அவரை மறக்க விடவும் இல்லை. அவருக்கும் அது உள்ளுக்குள் முள்ளாகவே இருந்தது.

ஒரு டிகிரிக்குப் பத்து நிமிடம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. பாதையில் எத்தனை நெரிசல் இருந்தாலும் கணக்கு மாறாது. கல்யாண வீடுகளில் இலை போடுமுன்பே வந்து உட்கார்ந்தார்கள். கசார்வாடிக்காரர்கள் இரண்டு மாதம் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். 2005-ல் மகர்பட்டாவில் இருந்த ரோஹிணிக்கு மாதம் நெருங்கியதும், பத்ரிநாத் இன்னும் இரண்டு டிகிரி திருப்பினார்.

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்குப் போன் வந்தது. மாப்பிள்ளை அபினவ்தான். "அத்தே, ரோஹிணி லேபர் ரூம்லே. அரை மணிதான்னு டாக்டர் சொல்றாங்க." பின்னால் யாரோ அவனை அவசரப்படுத்தும் குரல் கேட்டது. தெரிந்த குரலாகப் பட்டது சியாமளாவுக்கு, யோசிக்க நேரமில்லை. நாலேகாலுக்குப் புறப்பட்டு, வழியெல்லாம் நெரிசலில் ஊர்ந்து, ஒன்றரை மணி நேரம் ஓட்டி மகர்பட்டா போய்ச் சேர்ந்தபோது அங்கே மணி மூன்று முப்பத்தைந்து.

ரோஹிணி சோபாவில் சாய்ந்து பேல்பூரி தின்றுகொண்டிருந்தாள். "யாரும்மா உங்களைக் கூப்பிட்டா?" என்று கேட்டவள், தட்டை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அபினவ் பச்சைக் காரை நோக்கி ஓடினான். பத்ரிநாத் குறுக்கே நின்றுவிட்டார். அதில் போனால் வலி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள், டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆட்டோவில் போனார்கள்.

லேபர் ரூம் வாசலில் பத்ரிநாத் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். நாலு எட்டு. "மாப்பிள்ளே, எங்காத்துக்குப் போன் பண்ணுங்கோ!"

"ரெண்டு பேரும் இங்கேதானே இருக்கீங்க? எதுக்கு போன்? கஷாலா?" அவசரத்தில் அபினவுக்கு மராத்தியிலும் அதே கேள்வி வந்துவிட்டது.

"நீங்க பண்ணலேன்னா நாங்க கிளம்பவே மாட்டோம். சீக்கிரம் சொல்லுங்கோ!"

அபினவ் எண்ணை அழுத்தினான். பக்கத்தில் நின்ற சியாமளாவுக்கு, கைப்பேசியிலிருந்து தன் குரலே "ஹலோ" என்பது கேட்டது. குரல் கொஞ்சம் கரகரத்திருப்பதாகத் தோன்ற, ராத்திரி வெந்நீர் குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அபினவ் பேசி முடித்ததும் பத்ரிநாத் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்க இன்னும் அரை மணி இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு குழந்தை பிறக்குமுன்பே வந்து அவர் காத்திருந்தார். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.