கழுத்துக்கு மேலே

டில்லிபாபுவுக்குக் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் எண்ணூர் முகத்துவாரத்தில், படகு இன்ஜினின் காத்தாடியில் சுற்றிக்கொண்ட வலையை அறுத்தெடுக்கத் தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தான். முந்தின வாரம் ஆளுயரத் தண்ணீர் இருந்த இடம் அது. அன்றைக்கு மணல் ஏறி இடுப்பளவுதான் இருந்தது. கழுத்தெலும்பு நொறுங்கியது. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பேசவும் விழுங்கவும் தலையைக் கொஞ்சம் திருப்பவும் முடிகிற அளவுக்கு மீண்டு வீட்டுக்கு வந்தான்.

காலில் நூறு கொசு உட்கார்ந்தாலும் அவனுக்குத் தெரியாது. முகத்தில் ஒன்று உட்கார்ந்தால் தெரியும். தெரிந்து என்ன, அடிக்கக் கை எழாது. அதற்கு அவன் மனைவி நர்மதா வரவேண்டும்.

"நர்மதா, மூக்கு மேல."

"நர்மதா, காது கிட்ட கத்துது பாரு."

சோறு வடித்துக்கொண்டிருந்தாலும் குழாயடியில் நின்றாலும் அவள் ஓடிவந்து புறங்கையால் தட்டிவிட்டுப் போவாள். அடிக்கமாட்டாள். முகத்தில் அடிக்க அவளுக்கு மனசு வராது.

வீடு குப்பத்தின் கடைசி வரிசையில், ரோட்டோரம் இருந்தது. பின்சுவரை ஒட்டிச் சாக்கடை. ஐப்பசி மழை தொடங்கியதும் அது ஓடுவதை நிறுத்திவிட்டுத் தேங்கி நின்றது. நர்மதா விடியுமுன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை பக்கத்து வீட்டு மங்கம்மா நடுநடுவே எட்டிப்பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் ரோடெல்லாம் தண்ணீர் நின்று பஸ் வரவில்லை. நர்மதா வீடு சேர ஆறு மணி ஆகிவிட்டது. கரண்ட் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கரண்ட் தயாரிக்கிற கம்பெனியின் புகைபோக்கி தெரியும். அதில் புகை வந்துகொண்டிருந்தது, இங்கே மின்விசிறி நின்றிருந்தது. மங்கம்மா கொடுங்கையூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவன் முகத்தைப் பார்த்ததும் நர்மதாவுக்கு அடையாளம் தெரியவில்லை. இமைகள் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. நெற்றி, கன்னம், உதடு எங்கும் தடிப்பு. தலையை இப்படியும் அப்படியும் தேய்த்துத் தேய்த்துக் காதோரம் தோல் உரிந்திருந்தது.

"கத்தி கூப்ட வேண்டியதுதானே. யாராச்சும் வந்திருப்பாங்களே."

"கத்தறதுக்கு நெஞ்சுல எங்க காத்து கீது." அவன் குரல் கம்மியிருந்தது. "மொதல்ல ஊதி ஊதி வெரட்டினேன். அப்பால வாய் வறண்டு பூட்ச்சி. ஒண்ணு மூக்கு மேல குந்திகினு குடிச்சுது. வவுறு செவந்து பெருசாவறத பாத்துகினே கெடந்தேன்."

அவள் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள்.

கொசுவத்தி கொளுத்தினால் தீர்ந்துவிடுகிற விஷயமில்லை அது. அவன் நெஞ்சுத் தசைகள் பாதி வேலை செய்யாது, சரியாக இரும முடியாது, அதனால் வத்தியோ பிளக்கில் செருகும் மருந்தோ வீட்டுக்குள் இருக்கவே கூடாது என்று டாக்டர் அனுப்பும்போதே சொல்லியிருந்தார்.

மறுநாள் மங்கம்மா ஒரு கட்டு நொச்சி இலையோடு வந்தாள்.

"மருந்து போட்ட வத்தி வேற, இது வேற. எலைல இன்னா கீது? பொறந்த கொயந்தைக்கே இந்த பொகைய காட்றோம். ஒண்ணும் ஆவாது, போடு."

நர்மதாவும் நம்பினாள். சாயங்காலம் மண்சட்டியில் தணல் போட்டு, காய்ந்த நொச்சியையும் வேப்பிலையையும் தூவி வாசலருகே வைத்தாள். புகை தாழ்வாக உள்ளே பரவியது. கொசு ஒன்றுகூட இல்லை.

"நல்லா கீது" என்றான் டில்லிபாபு. அவள் அடுப்புப் பக்கம் போனாள்.

பத்து நிமிடத்தில் தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது அவன் வாய் திறந்திருந்தது, உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. இருமல் வருகிறது, வெளியே தள்ளப் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா காட்டியபடி, அவள் கட்டிலில் ஏறி இரண்டு உள்ளங்கையையும் அவன் விலாவுக்குக் கீழே வைத்து, மூச்சு வெளியேறும் நேரம் பார்த்து மேல்நோக்கி அழுத்தினாள். ஒரு தடவை. இரண்டு. மூன்று. நாலாவது தடவை சளி திரண்டு வாய்க்கு வந்தது. விரலைவிட்டு வழித்தெடுத்தாள். அவன் மூச்சு இழுத்த சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கிப்போய்ச் சட்டியைச் சாக்கடையில் உதைத்துத் தள்ளினாள். கால் சுட்டது அப்புறம்தான் தெரிந்தது. வாசலில் நின்ற மங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கு எதிரே நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர் தேவப்பிரியம். நாசரேத் பக்கத்துக்காரர். மீன் வாங்க வரும்போதெல்லாம் டில்லிபாபுவை விசாரிப்பார். நர்மதா அவரிடம் போய் நின்றாள்.

"புகையே ஆகாதுன்னா எண்ணெய்தாம்மா" என்றார். "தேங்காயெண்ணெயில வேப்பெண்ணெயக் கலந்து, எலுமிச்சம்புல் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தாரேன். கண்ணுகிட்ட மட்டும் போயிராமப் பாத்துக்கோ. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நிக்கும். அப்புறம் திரும்பத் தடவணும்லா."

"நான் விடிகாத்தால போனா மதியானம்தான் வருவேன்."

அவர் குப்பியை மூடி அவள் கையில் வைத்தார்.

எண்ணெய் கேட்டது. தடவிய ஒரு மணி நேரத்துக்கு முகம் பக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அவனுக்கு வேர்ப்பதே முகத்தில் மட்டும்தான். கரண்ட் போன ஒரு மதியம் வேர்வையோடு எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கிவிட்டது. துடைக்க ஆளில்லை. நர்மதா வந்தபோது கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. அடுத்து, கட்டிலுக்கு மேலே நாலு மூலைக்கும் ஆணி அடித்துக் கொசுவலை கட்டினாள். மூன்றாம் நாள் ஈரச்சுவரில் ஓர் ஆணி கழன்று, வலை அவன் மூக்கின் மேலும் வாயின் மேலும் விழுந்து கிடந்தது. மங்கம்மா வந்து எடுக்கும்வரை வலைக்கு வெளியே உட்கார்ந்து கொசு கடித்தது.

"இனிமே வலைய கட்டாத" என்றான். "வுயுந்தா எடுக்கறதுக்கு ஒரு கை வோணும். எண்ணெ கண்ல பூந்தா தொடைக்கறதுக்கு ஒரு கை வோணும். எல்லாத்துக்கும் வோணும்."

அவள் விடவில்லை. வேப்பம் புண்ணாக்கைக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றினாள். அன்று ராத்திரி மழை அதை அடித்துக்கொண்டு போனது. தலைமாட்டில் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கிராம்பு குத்தி வைத்தாள், யாரோ சொன்னார்கள் என்று பூண்டை அரைத்து ஜன்னலில் பூசினாள். வீடு பூண்டு நாறியதுதான் மிச்சம். பக்கத்துச் சந்தில் ஒரு பெண்ணுக்கு டெங்கு என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தால் இவன் உடம்பு தாங்காது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மார்க்கெட்டில் தராசைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, ஐந்து மணி இருக்கும், மறுபடி கரண்ட் போனது. அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மங்கம்மாக்கா வூட்ல கொசுவத்தி கீதா?"

"எதுக்கு?"

"நாலு வாங்கி கொளுத்தி வெய். கதவ சாத்திட்டு பஸ்ஸ புடிச்சு உங்கம்மா வூட்டுக்கு போய்ட்டு காலைல வா."

தண்ணீர் கேட்கிற குரலில்தான் அதைக் கேட்டான்.

நர்மதா விசிறியை அவன் மார்பின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். மங்கம்மாவிடம், "அக்கா, கொஞ்ச நேரம் அவர் பக்கத்துல குந்து" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடற்கரையைப் பார்த்து நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. நடுவே நாலு வரிசை வீடுகள். அதைத் தாண்டினால் மணல்.

படகுகள் இழுத்து நிறுத்தியிருந்த இடத்தில் போய் நின்றாள். கொளுத்திவிடலாமே என்று அவளுக்கும் தோன்றியது. கதவைச் சாத்துவது, பஸ் ஏறுவது, விடிய விடியத் தூங்குவது எல்லாம் வரிசையாக மனதில் ஓடின. இதமாக இருந்தது. இப்படி இதமாக இருக்கிறதே என்று உறைத்தபோது அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் அழுதாளோ தெரியாது. பத்தடி தள்ளிச் சட்டையில்லாமல் உட்கார்ந்து நாலைந்து பேர் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். ஒருவன்கூட முதுகில் அடித்துக்கொள்ளவில்லை. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கொசு இல்லை. கிழக்கிலிருந்து காற்று முடியைப் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த ஆட்களில் ஒருவன் எத்திராஜ். டில்லிபாபுவோடு ஒரே படகில் போனவன். வலை சுற்றிக்கொண்ட அன்று இன்ஜின் பிடித்திருந்தவன் அவன்தான். ஆஸ்பத்திரியில் ஒருநாள் வந்து பார்த்ததோடு சரி, வீட்டுப் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை.

"இங்க கொசுவே கெடயாதா?" என்று அவனிடம் போய்க் கேட்டாள்.

அழுத முகத்தோடு வந்து இப்படிக் கேட்டதும் அவன் குழம்பினான். "இந்த காத்துல எங்க அண்ணி நிக்கும்? கொண்டல் அடிக்குது பாரு. வந்து குந்தறதுக்குள்ள இஸ்துகினு பூடும். வூட்டாண்டதான் பேஜாரு."

"நாலு பேரு என்னோட வாங்க. அவர கட்டிலோட தூக்கியாரணும்."

மற்றவர்கள் உடனே எழுந்தார்கள். எத்திராஜ் ஈயக்குண்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "என் மூஞ்சில முயிக்க மாட்டேன்னு சொன்னான் அண்ணி."

"அவரு யாரு மூஞ்சிலயும் முயிக்கல. வா."

டில்லிபாபு ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் வாசலைத் தாண்டியதில்லை. நாலு ஆண்பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வோணாம். ஊரே பாக்கும். மூத்திரப் பையி தொங்குது."

"பாக்கட்டும்" என்றாள் நர்மதா. பையை எடுத்துக் கட்டில் சட்டத்தில் கட்டி, மேலே அவன் லுங்கி ஒன்றைச் சுற்றினாள். பிறகு குனிந்து அவன் காதில் மட்டும் படும்படி சொன்னாள். "நீ கேட்டத நான் செய்யல. செய்யவும் மாட்டேன். ஆனா என்னால தாங்க முடியல. நான் கேக்கறத நீ செய்."

அவன் சுவரைப் பார்த்தபடியே, "மொவத்துல துண்ட போட்டு தூக்குங்க" என்றான்.

"துண்ட போட்டா பொணம்னு எந்திரிச்சு நிப்பாங்க. கண்ண மூடிக்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நாலு பேரும் கட்டிலைத் தூக்கினார்கள். சந்து குறுகல், ஒரு திருப்பத்தில் கட்டிலைச் சாய்க்க வேண்டியிருந்தது, நர்மதா அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். குழாயடிப் பெண்கள் குடங்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒருத்தர் சைக்கிளை நகர்த்தினார்.

கடலோர வரிசை முடிந்ததும் காற்று அறைந்தது. படகுகளுக்கு நடுவே, அலை தெரிகிற மாதிரிக் கட்டிலை இறக்கினார்கள். அவன் கண் திறந்தான். காற்று நெற்றியில் அடித்தது, வீங்கிய இமையில் அடித்தது, கன்னத்துத் தடிப்புகளில் அடித்தது. அவன் உடம்பில் காற்று தெரிகிற இடம் அவ்வளவுதான். முகம் கோணி, கண்ணீர் காதுக்குள் இறங்கியது. நர்மதா துடைத்தாள்.

எத்திராஜ் கால்மாட்டில், அவன் பார்வைக்கு எட்டாத பக்கமாக நின்றிருந்தான்.

"யாரு அது கால்மாட்டுல?"

"நான்தான் மாமு."

அலை இரண்டு தடவை வந்து போனது.

"இந்த பக்கம் வா. மூஞ்சி தெரியல."

எத்திராஜ் வந்து மணலில் முட்டி போட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அத்த வுடு" என்றான் டில்லிபாபு. "கொண்டல் எட்டு மணிவரைக்கும் நிக்கும். அப்பால ஊர்ப்பக்கத்துலேர்ந்து தரக்காத்து வந்தா கொசுவும் கூடவே வரும். அதுக்குள்ள தூக்கிடுங்க. மய வர மாதிரி இருந்தா நாளிக்கு வராதீங்க, ஈரத்துல வழுக்கும்."

அதன்பிறகு மழையில்லாத நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு யாராவது நாலு பேர் வந்தார்கள். எத்திராஜ் ஜன்னலுக்கும் கதவுக்கும் சட்டம் போட்டுக் கொசுவலை அடித்துக்கொடுத்தான். வீட்டுக்குள் வலை விழ இனி வழியில்லை. பகலில் இரண்டு தடவை எண்ணெய் தடவுவதை மங்கம்மா ஏற்றுக்கொண்டாள், கண்ணோரம் விட்டு. சட்டத்தின் இடுக்கு வழியே அப்போதும் சில நுழைந்தன. மழைநாட்களில் நர்மதாதான் விசிற வேண்டியிருந்தது. சில ராத்திரி அவன் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

கார்த்திகை பிறந்து ஒருநாள், கரையில் கட்டிலுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தவள், கட்டில் காலில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது, சேலை முந்தானை காற்றில் படபடத்தது. எட்டு மணி நெருங்கியபோது ஆட்கள் வந்தார்கள். எத்திராஜ் அவள் தோளைத் தொடக் குனிந்தான்.

"எயுப்பாத" என்றான் டில்லிபாபு. "இன்னும் கொஞ்சம் காத்து கீது."

நாலு பேரும் படகில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.