ஜீப்பின் மூக்கு

தின்கன்ஜூன் பேட்டையில் பர்கத்துல்லா வீட்டு வாசலில் மூன்று வருஷமாக ஒரு ஜீப் வளர்ந்துகொண்டிருந்தது. ஆமாம், வளர்ந்துகொண்டுதான் இருந்தது. தொண்ணூறுகளின் ரங்கூனில் புது வண்டி வாங்குவதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். மற்றவர்கள் ஓரிடத்தில் சட்டம், ஓரிடத்தில் அச்சு, இன்னோரிடத்தில் கியர் பெட்டி என்று தேடிப்பிடித்து வீட்டிலேயே வண்டி கட்டிக்கொண்டார்கள். பபேடான் கடைத்தெருவில் கைலிக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இந்த வேலை எதற்கு என்று ஊர் கேட்டது. ஊருக்கு வேறு வேலை என்ன?

எதற்கு என்று அவர் மனைவி உம்மு சல்மாவுக்குத் தெரியும். பஸ் படியிலிருந்து விழுந்து முறிந்த அவளுடைய வலது கால் கோணலாகக் கூடிப்போய், முழங்கால் மடங்காமல் விறைத்தே நின்றுவிட்டது. அதை நீட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் பஸ் ஏற முடியுமா? டாக்ஸியில் பின் சீட்டில் குறுக்காகக் கிடந்து இரண்டு மூன்று தரம் போய்வந்தாள். சாமானை ஏற்றி இறக்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. இனிமேல் எங்கேயும் வரவில்லை, பபேடானில் இருக்கிற மகள் சாயிமா வீட்டுக்குக்கூட வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் பர்கத்துல்லா துருப்பிடித்த ஜீப் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"முன் சீட்டுல, என் பக்கத்துல, காலை நல்லா நீட்டி உக்காந்து வருவே புள்ளே," என்றார்.

அதற்காகவே அவள் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தை நீளமாக விட்டுத் தகரம் அடித்தார்கள். இரும்பைப் பற்றவைப்பதெல்லாம் அடுத்த சந்து பர்மாக்காரர் கோ டின். ஆனால் வண்டியின் மூக்கை, அந்த முன்பக்கத் தகரத்தை மட்டும் பர்கத்துல்லா யாரையும் தொடவிடவில்லை. கடை மூடி வந்து, சுத்தியலால் தட்டித் தட்டி, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டி மூக்கை நீவிவிடுகிற மாதிரி நீவி நீவி எடுத்தார். என்ன அழகு! தெருவில் போகிறவர்கள் நின்று தடவிப் பார்த்தார்கள். உம்மு சல்மாவுக்கே கொஞ்சம் பொறாமைதான்.

க்யிம்யிண்டைங் படகுத்துறைக் கிடங்கில் பேசி வைத்திருந்த ஜப்பான் எஞ்சின் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கியது. மூன்று மூங்கிலை முக்காலியாகக் கட்டிச் சங்கிலிக் கப்பி போட்டுத் தூக்கினார்கள். பர்கத்துல்லா பிஸ்மி சொல்லிச் சங்கிலியை விட்டார். எஞ்சின் இறங்கியது, நின்றது. முன்னால் தள்ளினால் ரேடியேட்டரில் இடித்தது, பின்னால் தள்ளினால் கால் வைக்கிற இடத்துத் தடுப்புத் தகரத்தில் இடித்தது. நாலு விரற்கடை நீளம் கூடுதல்.

"அளந்துதானே வச்சேன்!" என்று கத்தினார் பர்கத்துல்லா. கிடங்கில் டேப் இல்லை என்று, கையிலிருந்த புதுக் கைலித்துணியை எஞ்சின் நீளத்துக்குக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர். அந்தத் துணியை வைத்துத்தான் முன்பக்கம் முழுக்கக் கட்டியது.

உம்மு சல்மா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "மச்சான், பையில கெடந்த அந்தத் துணியவா சொல்றீங்க? அத நான் சட்டையோட சேத்துத் தொவச்சுட்டேனே!"

பர்கத்துல்லா அவளைப் பார்த்தார். அந்தத் துணியை எடுத்து எஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார், நாலு விரற்கடை குறைந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் தொவச்சா சுருங்கும், கூட வாங்கிக்கங்கன்னு தொண்டை வலிக்கச் சொல்றவன் நான்! என் புத்தி எங்க போச்சு!"

கோ டின் சிரிக்கவில்லை. "ரெண்டே வழிதான், கோ பர்கத்," என்றார் பர்மியப் பேச்சில். "மூக்கை வெட்டி ரேடியேட்டரை முன்னால தள்ளணும். இல்லே, எஞ்சினைப் பின்னால தள்ளணும். உங்க பக்கம் பெடல் இருக்கு, வெட்ட முடியாது. மா சல்மா கால் வைக்கிற எடத்தைத்தான் வெட்டணும். அவங்க பின் பெஞ்சுல உக்காரட்டும்."

பர்கத்துல்லா மூக்கை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தத் தடவல் உம்மு சல்மாவை என்னவோ செய்தது. துவைத்துக் கெடுத்தவள் நான், அவருடைய எத்தனை நாள் ஆசையை நானா வெட்டச் சொல்வது? பின் பெஞ்சு என்றால் என்ன, வண்டிக்குள்தானே? இப்படிச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகத்தான் அவளுக்கு ஆசை. வேறு எந்த ஆசையும் இல்லை. கம்பை ஊன்றிப் போய், கால் வைக்கிற இடத்தின் குறுக்கே சுண்ணாம்புக்கட்டியால் தானே கோடு போட்டாள்.

"அவுக வர்றதுக்குள்ள வெட்டிருங்க கோ டின்."

கோ டின் தலையைச் சொறிந்தார். கரண்டும் இல்லை. கரண்ட் வந்து அவர் அரை மனதோடு வெட்டும் மெஷினை எடுத்தபோது பர்கத்துல்லா வாசலில் நின்றிருந்தார்.

"யாரு போட்ட கோடு இது?"

"நாந்தான். நான் பின்னாடி உக்காந்துக்கிறேன் மச்சான். மூக்கு அழகா இருக்கட்டும்."

"கிறுக்கச்சி!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன. தொப்பியைக்கூடக் கழற்றாமல் கோ டின் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கி நேரே மூக்கில் வைத்தார். பொறி பறந்தது. உம்மு சல்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்கு முன்னால் எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்தது. நறுக்கிய மூக்குக்குப் பதில் ரேடியேட்டர் ஒரு தகரப்பெட்டிக்குள் துருத்திக்கொண்டு நின்றது. சகிக்கவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமி, புகை கக்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கியது.

பர்கத்துல்லா அவள் இடுப்பைப் பிடித்து முன் சீட்டில் ஏற்றினார். அவள் காலை மெதுவாக நீட்டினாள். நீட்டிக்கொண்டே போனாள். எதிலும் இடிக்கவில்லை.

"ஊரே சிரிக்கும் மச்சான்."

"சிரிக்கட்டும்."

"எவ்வளவு ஆசையாச் செஞ்சீங்க அந்த மூக்க..."

அவர் கியரில் கை வைத்தபடி அவள் பக்கம் திரும்பினார். "தனியாப் போறதா இருந்தா எனக்கு பஸ்ஸே போதுமே, புள்ளே."