எங்கிட்டயே கொண்டு வாங்க

கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள் செண்பகவல்லி, நாலு வயது முத்துப்பேச்சி கூச்சத்தில் நெளிகிறாள், விரலை எடுத்தால் குழி விழவில்லை, வீக்கம் வடிந்துவிட்டது, ஆமாம், அது வியாழக்கிழமை, பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் ஓ.பி., அவள் மேற்படிப்பில் இரண்டாம் வருஷம், எட்டு வருஷம் ஓடிப்போனதாகக் காலண்டர் சொல்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும், விரலுக்கடியில் அந்தத் தோல் இன்னும் சுடுகிறது, படிப்பாம் படிப்பு, ஒரு மாதம் ஓ.பி., ஒரு மாதம் வார்டு, ஒரு மாதம் பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று பந்தாடுகிற டியூட்டி லிஸ்டில் எந்தப் பிள்ளையையும் தொடர்ந்து பார்க்க வாய்க்காது, இடைவேளையில் நுழைந்து இடையிலேயே எழுந்து போகிறவன் பார்த்த சினிமா மாதிரி நோய்கள் துண்டு துண்டாகத்தான் தெரியும், மருந்து கேட்டதா, வீக்கம் திரும்பியதா, அடுத்த முறை வேறு யாரோ பார்ப்பார்கள், அதனால்தான் சிறுநீரகக் கோளாறில் முகமெல்லாம் ஊதி வந்த இந்த ஒரு பிள்ளையையாவது முதலிலிருந்து கடைசிவரை தானே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை, ஆசை யாரை விட்டது, பிள்ளையின் அம்மா வெள்ளத்தாயிடம், வாராவாரம் வியாழக்கிழமை எங்கிட்டயே கொண்டு வாங்க, வேற யாரும் பாத்தா மருந்தை மாத்திருவாங்க என்றாள், லிஸ்ட் மாறும் என்று தெரிந்தும் சொன்னாள், காய்ச்சல் வந்தால் மட்டும் யாரிடமாவது ஓடு என்று சொல்ல மறந்தாள், சரி டாக்டரம்மா, நீங்க பாத்தாத்தான் எம்பிள்ளைக்குக் கேக்கும் என்று வெள்ளத்தாய் சிரித்ததில் உச்சி குளிர்ந்துபோனது, பாழாய்ப்போன உச்சி.

மாதம் முடிந்து புது லிஸ்ட் ஒட்டுகிறார்கள், இனி அவளுக்கு ஓ.பி. திங்களன்று மட்டும், மற்ற நாளெல்லாம் மாடியில் பச்சிளங்குழந்தைகள், வெள்ளத்தாயிடம் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாள், போன் நம்பர்கூட இருந்தது, நினைத்தாள், அவ்வளவுதான், மூச்சுத் திணறுகிற ஆறு பிஞ்சுகளுக்கு நடுவில் அந்த நினைப்பு கரைந்துபோனது, வியாழக்கிழமை கீழே அவளுடைய நாற்காலியில் அவளோடு படிக்கிற ஞானதிரவியம், காய்ச்சலா, வயிறும் வலிக்கா, காட்டுங்கம்மா, நான் பாக்கேன் என்றானாம், வேண்டாஞ் சார், எங்க டாக்டரம்மா என்னைக்கு இருப்பாக, திங்கக்கிழமையா, அன்னைக்கே வாரோம் என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளத்தாய் தென்காசி பஸ் ஏறிவிட்டாளாம், அத்தனை கூட்டத்தை விட்டுவிட்டு அவள் பின்னால் அவனால் ஓடவா முடியும்.

திங்கட்கிழமை வெள்ளத்தாய் முதல் ஆளாக வந்து நிற்கிறாள், செண்பகவல்லி பிள்ளையின் வயிற்றில் கை வைக்கிறாள், கல்லாய் இறுகிக் கிடக்கிறது, உள்ளே சீழ் பிடித்து நாலு நாளாகியிருக்கும், ஊசி, குளுகோஸ், பெரிய டாக்டர்கள், எல்லாம் வந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் முடிந்தது, ஏம்மா, வியாழக்கிழமையே அந்த டாக்டர்ட்ட காட்டியிருக்கலாம்லா என்று கேட்டது யார், அவளேதான், கேட்ட வாய் வெந்துபோகட்டும், எட்டு வருஷமாக அந்தக் கேள்வியைத் திரும்ப விழுங்கப் பார்க்கிறாள், விழுங்க முடியவில்லை, வெள்ளத்தாய் ஏசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும், அவளோ இவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொன்னபடிதான் டாக்டரம்மா செஞ்சேன், வேற யாரையும் எம்பிள்ளையத் தொடவே விடல என்றாள்.