சும்மா நின்ற நேரம்

கிடங்கில் அவளை எல்லோரும் ஆன்டெனா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த வைஃபை பெட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் அவள். பெட்டிகள் கூரையில் தொங்கியதால் எந்நேரமும் அண்ணாந்தபடியே நடப்பாள். அந்தப் பட்டத்தைச் சூட்டியதே அவளுடைய சொந்த அண்ணிதான். அண்ணிக்கு அதே கிடங்கில் சரக்கு எடுக்கும் வேலை. எந்த அலமாரியில் எதை எடுக்க வேண்டும் என்று கையிலிருக்கும் ஸ்கேனர் சொல்லும். அண்ணி எடுத்து வண்டியில் வைப்பாள்.

அந்த ஸ்கேனர்தான் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. எண்ணெய் டின்களும் தண்ணீர் பாட்டில்களும் அடுக்கிய வரிசைகளுக்குள் நுழைந்தால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது நிற்கும்வரை அண்ணி நிற்க வேண்டும். மேலாளரின் கணினி அதையெல்லாம் 'சும்மா நின்ற நேரம்' என்று அவள் தலையில் எழுதியது. கடைசியில் அந்த வரிசைகளில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரையும் மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணி அழவில்லை. "ஆள் அதிகம்னு அனுப்பினா போயிடுவேன். சோம்பேறின்னு அனுப்புறாங்க பாரு, அதைத்தான் தாங்க முடியலை" என்றாள்.

மறுநாள் ஆன்டெனா மடிக்கணினியோடு அந்த வரிசைகளுக்குள் இறங்கினாள். கொஞ்ச நேரத்திலேயே விஷயம் பிடிபட்டது. எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு சக்தியோடு பேசுவது என்பதையெல்லாம் பெட்டிகள் தானாகவே முடிவு செய்துகொள்ளும்படி அமைத்திருந்தார்கள். பக்கத்துப் பெட்டியின் குரல், அதாவது சிக்னல், பலமாகக் கேட்டால், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் வேண்டாமென்று ஒவ்வொன்றும் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கூரையில் குறுக்கே ஒன்றுமில்லாததால் அவற்றுக்குள் கணீரென்று கேட்டது. ஆகவே எல்லாம் குசுகுசுக்க ஆரம்பித்துவிட்டன. கீழேயோ எண்ணெயும் தண்ணீரும் அந்தக் குசுகுசுப்பைக் குடித்துத் தீர்த்தன.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலைமை அலுவலகத் திரையைத் திருப்பிக் காட்டினார். எல்லாப் பெட்டிக்கும் பச்சை விளக்கு. தானாக ஓடுகிற ஏற்பாட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்றவர், அவள் அண்ணிக்காகத்தானே வக்காலத்து வாங்குகிறாள் என்றும் கேட்டார்.

"ஆமா சார், அண்ணிக்காகத்தான். மத்தவங்களுக்கும் சேர்த்துத்தான்."

அன்றைக்கே கை வைத்தாள். இந்த அளவுக்குக் கீழே குரலைத் தாழ்த்தக்கூடாது என்று ஒரு வரம்பு போட்டாள். சேனல்களையும் தானே பிரித்துக் கொடுத்தாள். அதன் பிறகு ஸ்கேனர்கள் எங்கேயும் திக்கவில்லை. அண்ணியின் வண்டி நிறைந்து நிறைந்து வந்தது.

மேலாளர் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்தார். ஒரு அதட்டல் போட்டதும் எப்படி ஓடுகிறார்கள் பார் என்று கூட்டத்தில் மார்தட்டிக்கொண்டார். வேலை நீக்கத்தில் மட்டும் மாற்றமில்லையாம். பயம் இருந்தால்தான் மற்றவர்கள் ஒழுங்காக இருப்பார்களாம். ஆன்டெனா எழுந்து, ஓட வைத்தது அதட்டல் இல்லை, தான் மாற்றிவைத்த அமைப்பு என்றாள். அவர் முகம் கறுத்துப்போனது. அந்த நிமிடமே பழையபடி மாற்றச் சொன்னார். அவர் அறையில், அவர் கண் முன்னாலேயே மாற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

மதியத்துக்குள் பெட்டிகள் மறுபடி குசுகுசுக்கத் தொடங்கின. கண்ணாடி வழியே கீழே கிடங்கு தெரிந்தது. முதலில் அண்ணிதான் வரிசையைவிட்டு வெளியே வந்தாள். வட்டம் சுற்றுகிற ஸ்கேனரைத் தலைக்கு மேலே தூக்கி, மேலாளரைப் பார்த்தபடி நின்றாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்து அவள் பக்கத்தில் அப்படியே நின்றார்கள். வாசலில் சரக்குக்குக் காத்திருந்த லாரிகள் ஹார்ன் அடித்தன.

"சரி, நீங்க வச்சிருந்த மாதிரியே வச்சிடுங்க" என்றார் மேலாளர்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வைக்கிறேன் சார். முதல்ல அவங்களை நிறுத்துற உத்தரவை எடுங்க. சோம்பேறின்னு போட்டதையும் அழிச்சிடுங்க."

"என்னை மிரட்டுறீங்களா?"

"நீங்க மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், அவ்வளவுதான்."

ஹார்ன் சத்தம் ஓயவில்லை. கீழே ஒருத்தியும் கையை இறக்கவில்லை. மேலாளர் தொலைபேசியை எடுத்தார். தலைமை அலுவலகத்தோடு வெகு நேரம் பேசினார், குரல் வரவர இறங்கிக்கொண்டே போனது. உத்தரவு ரத்தானது, பெண்களின் பெயர்களுக்கு எதிரே இருந்த 'சும்மா நின்ற நேரமும்' அழிந்தது. அதைத் திரையில் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆன்டெனா விசைப்பலகையைத் தொட்டாள்.

அவளைச் சும்மா விடவில்லை. அனுமதியில்லாமல் கை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். செய்ததை மறுக்கமாட்டேன், மன்னிப்பும் கேட்கமாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வரவேண்டிய பதவி உயர்வு அதோடு போயிற்று.

வீட்டில் அண்ணன் கிடந்து தவித்தான். பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதே, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை என்று மன்றாடினான். அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்தாள்.

"அவ கையெழுத்துப் போட்டா, இந்த வீட்ல இனிமே நீங்கதான் சமைக்கணும்."

அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.