இரண்டு புள்ளி ஆறு நான்கு

ஷண்முகப்ரியா இரண்டு டம்ளர் காப்பியுடன் நாத்தனார் காவேரியின் அறை வாசலுக்கு வந்தபோது, உள்ளே அவள் கணவன் ஸ்ரீரங்கன் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று தன் தங்கைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"அசடு, மாத்தவே கூடாதுடி. மார்க் ஷீட்ல என்ன இருக்கோ அதை அப்படியே போடு. அறுபத்தொண்ணுன்னா அறுபத்தொண்ணு. நூத்துக்குன்னு பக்கத்துல போட்டாப் போறும். நம்ம காலேஜ்ல அறுபதைத் தாண்டறதே பெரிசுன்னு அவாளுக்குத் தெரியும்."

"அவா ஊர்ல நூத்துக்கு இல்லை, நாலுக்குத்தான் மார்க், அதனால நாலுக்கு மாத்திப் போடணும்னு எல்லாரும் சொல்றாளே அண்ணா?" என்றாள் காவேரி.

"மாத்தினா தொலைஞ்சே. ரெண்டரைகிட்ட வந்து நிக்கும். மூணுக்குக் கீழே இருந்தா எவனும் திறந்துகூடப் பார்க்கமாட்டான். இதோ பார், ஃபார்ம்லயே போட்டிருக்கான், மாத்தாதேன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் அம்பத்தொம்பதை வெச்சிண்டுதான் போய்ச் சேர்ந்தேன். அம்மாகிட்ட உளறிடாதே."

டம்ளர்கள் விரலைச் சுட்டன. ஷண்முகப்ரியா அசையவில்லை.

போன டிசம்பரில் இதே மந்தைவெளி வீட்டில், இதே மேஜையில், அவளுடைய விண்ணப்பங்களை நிரப்ப நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன் அவன்தான். காதல் கல்யாணம். வடபழனியில் ஸ்டூடியோ லைட்மேனாக இருந்த அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளை மேலே படிக்க வெக்கறது என் பொறுப்பு மாமா" என்று வாக்குக் கொடுத்தவனும் அவன்தான். அவன் படித்த அதே கல்லூரியில், அதே பொருளாதாரத்தில், அவனுக்கு மூன்று வருடம் பின்னால் படித்தவள் அவள். அறுபத்தாறு சதவீதம். வகுப்பிலேயே முதல்.

"அறுபத்தாறா?" என்று அன்றைக்கு உதட்டைப் பிதுக்கினான். "அங்கே இதுக்கு சி கிரேடுதான் ப்ரியா. பரவாயில்லை, பார்ப்போம்." செல்போனை எடுத்து அவள் கண் முன்னாலேயே கணக்குப் போட்டான். நூறால் வகுத்து, நாலால் பெருக்கி, இரண்டு புள்ளி ஆறு நான்கு. அங்கே போய்ப் படித்து வந்தவன் சொல்கிறான், தெரியாமலா சொல்வான் என்று அவளும் தலையாட்டினாள்.

நான்கு பல்கலைக்கழகங்களிலிருந்தும் வரிசையாக இல்லை என்று பதில் வந்தது. மாமியார் விஜயலக்ஷ்மி ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள். "எங்காத்துப் பிள்ளை ஒரே தடவைல போனான். எழுபத்தெட்டு மார்க்குன்னா சும்மாவா? லைட்டைத் தூக்கிண்டு நிக்கற வேலையா இது, மூளை வேணுமே!" அன்றெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து அழுதாள் ஷண்முகப்ரியா. அவனும் கண்ணைத் துடைத்துவிட்டு, "எனக்கு நீ போறும்டி, மார்க்கெல்லாம் எதுக்கு?" என்பான். இப்படி ஒரு புருஷன் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

அவள் உள்ளே போய் டம்ளர்களை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் மாத்தினீங்க?"

காவேரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் பதறவில்லை. டம்ளரை எடுத்து ஊதினான்.

"நீயும் ஃபார்மைப் படிச்சிருக்கலாமே?"

"நீங்கதான் படிச்சுட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீ அறுபத்தாறு, நான் அம்பத்தொம்பது. போனா திரும்பி வந்திருப்பியா? வந்தாலும் என்னை மதிச்சிருப்பியா?" ஒரு வாய் குடித்தான். "சர்க்கரை கம்மி."

"அண்ணா!" என்றாள் காவேரி.

"இப்பவும் போடட்டுமே, யார் வேண்டாம்னா? ஆனா பழைய ஃபைலை வெச்சிண்டிருப்பா. போன வருஷம் ரெண்டு புள்ளி ஆறு நாலு, இந்த வருஷம் அறுபத்தாறுன்னா, எது பொய்னு கேப்பா. கேட்டா என்ன சொல்லுவே?"

ஷண்முகப்ரியா தன் அறைக்குப் போனாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். விஜயலக்ஷ்மி டிவி முன்னால் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியை அணைத்துவிட்டு ஷண்முகப்ரியா எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடிம்மா, சீரியல் நடக்கறது!"

"பத்து நிமிஷம்மா. உங்க பிள்ளை படிச்ச யுனிவர்சிட்டிக்கு மறுபடி போடறேன். முன்னாடி குடுத்ததுக்கும் இப்ப குடுக்கறதுக்கும் வித்தியாசம் இருந்தா காரணம் எழுதச் சொல்லியிருக்காங்க. தமிழ்ல சொல்லிக்கிட்டே அடிக்கிறேன், தப்பிருந்தா சொல்லுங்க."

ஸ்ரீரங்கன் அறை வாசலுக்கு வந்துவிட்டான்.

"போன வருட விண்ணப்பத்தை நிரப்பியவர் என் கணவர் ஸ்ரீரங்கன், உங்கள் பழைய மாணவர்," என்று ஷண்முகப்ரியா நிதானமாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினாள். "அவர் ஐம்பத்தொன்பது சதவீதத்தை மாற்றாமல் அப்படியே கொடுத்து உங்களிடம் சேர்ந்தார். என் அறுபத்தாறை மட்டும், நான் சேரக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே மாற்றினார். என் மதிப்பெண் பட்டியலை இணைத்திருக்கிறேன். அவருடையது உங்களிடமே இருக்கிறது."

"ப்ரியா, பேரெல்லாம் வேண்டாம். அந்த வரியை எடுத்துடு." முதல் தடவையாக அவன் குரல் பிசிறியது. "அங்கே எனக்குத் தெரிஞ்சவா இருக்கா. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

"சர்க்கரை கம்மியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

விஜயலக்ஷ்மியின் மடியிலிருந்து அவரைக்காய் சரிந்தது. "அம்பத்தொம்பதா?" என்றாள் பிள்ளையைப் பார்த்து. "எழுபத்தெட்டுன்னுதானேடா சொன்னே? மாட வீதி பூரா சொல்லிண்டு திரிஞ்சேனே, பாவி!" மருமகளைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

உள்ளே காவேரி அண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜையிலிருந்த தன் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவன் நிரப்பிக் கொடுத்திருந்த ஃபார்மை முதல் வரியிலிருந்து, தன் பெயர், பிறந்த தேதி உட்பட, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.