நாலு டிகிரி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில உக்காந்திருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். பதினோரு வருஷம் பிராணிகள் கிளினிக்ல உதவியாளரா இருந்து பார்த்தா அவருக்கும் வரும். பூனையைத் துண்டுல சுத்திக் கொண்டு வருவாங்க. அது வாசல்ல ஒரு நாயைப் பார்த்துத் துள்ளி மருந்து அலமாரி மேல ஏறிடும். உடனே என் முகத்தைப் பார்ப்பாங்க. கூடையில போட்டு மூடிக் கொண்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுற கூட்டம். நானும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

ஆனா இப்போ சொல்லப் போற விஷயத்துல தப்பு பண்ணினது நான். அதை முதல்லயே சொல்லிடுறேன்.

எங்க டாக்டர் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. மருந்தறை மூலையில தடுப்பூசிக்குன்னே ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கு. உள்ளே ரெண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினா மருந்து கெட்டுடும். கெட்டது வெளியே தெரியாது, பாட்டில் அதே பாட்டில், நிறம் அதே நிறம். அதனால தினமும் காலையில தெர்மாமீட்டரைப் பார்த்து, கதவுல தொங்குற அட்டையில எழுதி வைக்கணும். முதல் வருஷம் ஒழுங்கா குனிஞ்சு பார்த்தேன். என்னைக்குப் பார்த்தாலும் நாலு. அப்புறம் என்ன, தோள்பையைக் கூடக் கழட்டாம பேனாவை எடுத்து நாலுன்னு போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவேன். யார் வந்தாலும் டாக்டர் அந்த அட்டையைக் காட்டி, அக்கா இருக்கிற வரைக்கும் இந்த மூலைப் பக்கம் நான் திரும்ப வேண்டியதே இல்லைன்னு பெருமை அடிச்சுக்குவாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும்.

கோடையில டாக்டரோட தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் கிளினிக்கை மூடினோம். சாவி என்கிட்ட. லீவு நாள்லயும் ஒரு நடை வந்து ஃப்ரிட்ஜைப் பார்த்துட்டுப் போகணும்னு ஏற்பாடு. மூடுற அன்னைக்கு சாயங்காலம், முடி வெட்டுற மெஷின்ல சார்ஜ் இல்லைன்னு பார்த்தேன். அந்தச் சுவர்ல இருக்கிறதே ஒரே பிளக். பத்து நிமிஷம்தானேன்னு ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கி மெஷினைச் சொருகினேன். அப்போ பார்த்து யாரோ போன் பண்ணினாங்க, பேசிக்கிட்டே பூட்டிட்டுக் கிளம்பிட்டேன். அடுத்த நாலு நாளும் வெயிலுக்குப் பயந்து வீட்டை விட்டு நகரலை.

திரும்பி வந்து கதவைத் திறந்தா தரையில தண்ணி. பாட்டிலைக் கையில எடுத்தேன், காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுட்டுச்சு. டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு. தண்ணியைத் துடைச்சேன், ஒயரைச் சொருகினேன், பெட்டிகளை அடுக்கினேன். அட்டையில நாலு கட்டம் காலியா இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் நாலு, நாலுன்னு எழுதினேன். மத்தியானம் தெர்மாமீட்டரும் நாலு காட்டுச்சு, சத்தியமா.

சொல்லியிருக்கலாம். ஆனா அடுத்த ஞாயிறு எங்களுக்குப் பூனை நாள். வருஷத்துல அந்த ஒரு நாள் நாய்க்கு உள்ளே அனுமதி கிடையாது. பூனைங்க பயமில்லாம வரணும்னு டாக்டர் ஆசைப்பட்டு ஆரம்பிச்சது. எடை பார்த்து, காது பல் எல்லாம் பார்த்து, குடல்பூச்சிக்கு மாத்திரை கொடுத்து, நகம் வெட்டி, கடைசியா வெறிநோய்த் தடுப்பூசி. புது மருந்து வர ரெண்டு வாரம் ஆகும். எல்லாருக்கும் சொல்லியாச்சு. டாக்டர் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்கிறதை நினைச்சேன். அதைவிட, அக்கா நீங்களான்னு ஒரு பார்வை பார்ப்பாங்களே, அதை நினைச்சேன். வாயை மூடிக்கிட்டேன்.

அன்னைக்கு முப்பத்து நாலு பூனை வந்துச்சு. ஒவ்வொரு ஊசியையும் டாக்டர் கையில எடுத்துக் கொடுத்தது நான். பாட்டில்ல இருந்த ஸ்டிக்கரை உரிச்சு ஒவ்வொரு கார்டுலயும் ஒட்டினதும் நான்தான்.

ஒன்றரை மாசம் போச்சு, ஒண்ணும் நடக்கலை. நானும் மறந்துட்டேன்னே சொல்லலாம். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில போன் வந்துச்சு. ஒரு ஆம்பிளைக் குரல். வீட்டுப் பூனை ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குதாம், சாப்பிடலையாம், கத்தினா குரல் கட்டின மாதிரி வருதாம். நாலு வயசுப் பொண்ணு அதைக் கொஞ்சுறதுக்குக் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போயிருக்கா. கன்னத்துல கடிச்சுடுச்சு, ரெண்டு பல் நல்லா இறங்கியிருக்கு. டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்ல முடியுமான்னு கேட்டார்.

டாக்டர் உள்ளே ஒரு பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன்ல இருந்தாங்க. பத்தடி தூரம். எனக்கு எதிர்ல நாலு பேர் கூடையோட உக்காந்திருந்தாங்க, ஒரு பூனை ஓயாம அழுதுக்கிட்டிருந்துச்சு. இந்த மாதிரி போன் நான் நூறு எடுத்திருக்கேன்.

"கார்டுல ஸ்டிக்கர் இருக்குல்ல?" ன்னு கேட்டேன். இருக்குன்னார். "அப்போ பயப்பட ஒண்ணுமில்லை. சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க. பூனையைப் பத்து நாள் கவனிச்சுக்கிட்டா போதும்."

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமான்னு கேட்டார். பின்னாடி அவர் மனைவி ஏதோ சொல்றது கேட்டுச்சு. நான் சலிச்சுக்கிட்டே, ஊசி போட்ட பூனைக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரின்னேன். தடுப்பூசி போட்ட பூனை கடிச்சாலும் மனுஷ டாக்டர்கிட்டக் காட்டத்தான் சொல்லணும், அது எனக்கு நல்லாத் தெரியும். வேலை அவசரத்துல அதையும் முழுங்கிட்டேன். ரொம்ப நன்றிங்க, பூனை நாள்லதான் போட்டோம், நல்லவேளைன்னு சொல்லி அவர் வச்சுட்டார்.

ரிசீவரை வச்சதும்தான் எனக்கு உறைச்சுச்சு. பேரும் கேட்கலை, நம்பரும் கேட்கலை. பூனை நாள். முப்பத்து நாலுல ஒண்ணு.

அடுத்து நான் செஞ்சது என்னன்னா, உள்ளே போய் டாக்டர்கிட்டச் சொல்லலை. அந்த ஆளை நானே கண்டுபிடிச்சு, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நைசா ஒரு வார்த்தை சொல்லிட்டா, காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுடும்னு நினைச்சேன். ரிஜிஸ்டரை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போய் என் செல்போன்ல ஒவ்வொரு நம்பரா கூப்பிட்டேன். ஊசி போட்ட பிறகு பூனை நல்லா இருக்கா, சும்மா விசாரிக்கிறோம்னு சொன்னேன். ஜனங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு பள்ளிக்கூட டீச்சர், தன் பூனை மூணு கிலோ ஏறிடுச்சு, ஆனா தின்னவே மாட்டேங்குதுன்னு கால் மணி நேரம் அளந்தாங்க. பெரியவர் ஒருத்தர், பூனை நல்லா இருக்கு, எனக்குத்தான் முழங்கால் வலி, அதுக்கு ஏதாவது ஊசி உண்டான்னு கேட்டார். வேற நாளா இருந்தா சிரிச்சிருப்பேன்.

சாயங்காலத்துக்குள்ள முப்பத்து மூணு பேர் ஆச்சு, கடிபட்ட குழந்தை எந்த வீட்டுலயும் இல்லை. மிச்சம் ஒண்ணு. சொந்தக்காரர் லிஃப்ட் மெக்கானிக்னு எழுதியிருந்துச்சு, சாம்பல் நிறக் கடுவன் பூனை, தெருவுல இருந்து எடுத்து வளர்க்கிறது, இதுதான் முதல் தடுப்பூசி. மத்த பூனைங்களுக்கு முந்தின வருஷத்து ஊசியாவது உடம்புல கொஞ்சம் இருக்கும். இதுக்கு அதுவும் இல்லை. போன் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சு. லிஃப்டு போற குழிக்குள்ள இறங்கி வேலை பார்க்கிறவருக்கு எங்கே சிக்னல் கிடைக்கும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி அடிச்சுச்சு. எடுத்தார். "ஹலோ, யாருங்க?" அதே குரல்தான். பின்னாடி ஒரு குழந்தை பாடிக்கிட்டிருந்துச்சு. என்ன சொல்லணும்னு நாள் பூரா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். நேத்து சொன்னதை இன்னைக்கு ஏன் மாத்தறீங்கன்னு கேட்டா? ஏன்னு கேட்டா எல்லாத்தையும் சொல்லணுமே. கட் பண்ணிட்டேன்.

பூனைக்கு வெறும் சளியா இருக்கும், குரல் கட்டும்தானே. புதன்கிழமை பூரா அதையே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சோறு இறங்கலை. உடம்பு சரியில்லையான்னு வீட்டுக்காரர் கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தேன்.

வியாழக்கிழமை காலையில கதவைத் திறக்கிறேன், படியில ஒருத்தர் நிக்கிறார். ஒரு கையில மூடின கூடை, இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு. கன்னத்துல பிளாஸ்திரி. பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சா. கூடையில இருந்து ஒரு சத்தமும் வரலை.

டாக்டர் வந்து கூடையைத் திறந்து பார்த்தாங்க, உடனே மூடினாங்க, கையுறையை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. அவர் நடந்ததைச் சொன்னார். செவ்வாய் ராத்திரியில இருந்து வாயில எச்சில் ஒழுகியிருக்கு. பின்னங்கால் ரெண்டையும் இழுத்து இழுத்து நடந்திருக்கு. துடைப்பத்தைப் பாய்ஞ்சு பாய்ஞ்சு கடிச்சிருக்கு. விடியறப்போ உயிர் போயிடுச்சு. டாக்டர் முகம் மாறிக்கிட்டே வந்துச்சு. கார்டைக் கேட்டாங்க, ஸ்டிக்கரைப் பார்த்தாங்க, கொஞ்சம் மூச்சு விட்டாங்க. ஊசி போட்டிருக்கே, எலி விஷம் ஏதாவது தின்னிருக்கலாம்னாங்க. எதுக்கும் பரிசோதனைக்கு அனுப்புறேன், பாப்பாவை இன்னைக்கோ நாளைக்கோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இந்தக் கார்டைக் காட்டுங்க, என்ன செய்யணுமோ அவங்க பார்த்துக்குவாங்கன்னு சொன்னாங்க.

கார்டை அவர் சட்டைப் பையில வச்சார். அதைக் காட்டினா அங்கே என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். தடுப்பூசி போட்ட பூனைதானே, வீட்டுலயே வளர்ந்ததுதானே, மெதுவா வாங்கன்னு சொல்லிடலாம். முகத்துல கடிபட்டவங்களுக்குக் காயத்தைச் சுத்திப் போடுற மருந்து ஒண்ணு இருக்கு, அதைப் போடாம விட்டுடலாம். நோய் தலையைக் காட்டிடுச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பொண்ணு எடை பார்க்கிற மேடை மேலே ஏறி நின்னு, நான் எவ்வளவுன்னு என்னைக் கேட்டா.

"அந்தக் கார்டைக் காட்டாதீங்க," ன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. "அந்த ஊசி கெட்டுப் போனது. நாலு நாள் ஃப்ரிட்ஜ் ஓடலை. நான்தான் மறைச்சேன்."

டாக்டர் கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தலை. அவர்கிட்டத் திரும்பி, இப்பவே, இந்த நிமிஷமே கிளம்புங்க, பூனைக்கு ஊசியே போடலைன்னு சொல்லுங்க, நான் அங்கே போன் பண்ணிச் சொல்றேன்னாங்க. அப்புறம் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு, மத்த முப்பத்து மூணு பேரை நான் கூப்பிட்டுக்கிறேன், நீங்க அதைத் தொடாதீங்கன்னாங்க. அக்கான்னு சொல்லலை.

அந்த மனுஷன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். போன்ல பேசினது நீங்களான்னு கேட்டார். ஆமான்னேன்.

"என் பொண்டாட்டி அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அழுதா. கிளினிக்ல அவ்வளவு உறுதியா சொல்றாங்க, உனக்கு என்ன தெரியும்னு நான்தான் திட்டி உக்கார வச்சேன்," ன்னார். கோபமாக் கூடச் சொல்லலை. "அவ வேலையில இருந்து நேரா அங்கே வந்துடுவா. நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க. என்னால முடியாது."

நானும் கூடக் கிளம்பினேன். ஆட்டோவுல பொண்ணு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்தா. கடுவன் எப்போ எழுந்திருக்கும்னு கேட்டா. அவர் வெளியே பார்த்துக்கிட்டு வந்தார். நான் அவ தலையைத் தடவப் போனேன், அப்புறம் கையை எடுத்துட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல அந்தம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. துணிக்கடைச் சீருடை, கழுத்துல அடையாள அட்டை. புருஷன் போன்லயே பாதி சொல்லியிருந்தார் போல. பொண்ணை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பிளாஸ்திரி மேலே ஒரு விரலை வச்சாங்க. அவர் என்னைக் காட்டினார். நான் ஃப்ரிட்ஜைப் பத்திச் சொன்னேன், வெயிலைப் பத்திச் சொன்னேன், அட்டையைப் பத்திச் சொன்னேன். அழுகை வந்துச்சு, அழுதுக்கிட்டே சொன்னேன். அவங்க கடைசி வரைக்கும் கேட்டாங்க.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "மருந்து கெட்டதுன்னு உங்களுக்கு எப்போ ஞாபகம் வந்துச்சு? இன்னைக்குப் பூனையைப் பார்த்த பிறகா?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அவங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க. மறதிக்காரின்னு திட்டிட்டு விட்டிருப்பாங்க.

"இல்லைம்மா. திங்கட்கிழமை போனை வச்சதுமே," ன்னேன். "செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்குப் போன் பண்ணி, பேசாம வச்சதும் நான்தான்."

அவங்க உதடு அசைஞ்சுது, நாள் எண்ணுறாங்கன்னு அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. திங்கள், செவ்வாய், புதன். பொண்ணைத் தூக்கிக்கிட்டு உள்ளே ஓடினாங்க, அவரும் பின்னாடியே ஓடினார். என்னை உள்ளே யாரும் கூப்பிடலை. நான் வாசல் பெஞ்சுல உக்காந்தேன். காயத்தைச் சுத்திப் போடுற ஊசி ரொம்ப வலிக்கும், அதுவும் கன்னத்துல. கொஞ்ச நேரத்துல பாப்பா அலறினது வெளியே வரைக்கும் கேட்டுச்சு. அவ அம்மாவைத்தான் கூப்பிட்டா.